மீனுக்குச் சாதிக் குறி உண்டா?

களவா மீன்கள் பவளப்பாறைகளிலும் பாறைக் கரைகளிலும் பெரும்பாலும் தனித்து வாழும் வேட்டை மீன்கள். தடித்த உடல், முன்னே நீண்ட கீழ்த்தாடை, அகன்ற வாய், தன் பொந்தை விட்டு அதிகம் விலகாத பழக்கம் ஆகியவை இவற்றின் பொது அடையாளங்கள். இரையைத் துரத்துவது குறைவு. பதுங்கியிருந்து, வாயைச் சட்டென்று திறந்து, நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கிவிடும். பினாங்குச் சந்தைகளில் கெராப்பு என்ற மலாய்ப் பெயரே வழங்குகிறது. ஐநா உணவு வேளாண்மை அமைப்புக்காக ஃபிலிப் ஹீம்ஸ்ட்ராவும் ஜான் ராண்டாலும் 1993-ல் தொகுத்த பட்டியல் உலகக் களவாக்களை 15 பேரினங்களாகவும் 159 சிற்றினங்களாகவும் பிரித்தது.

அந்த 159 என்ற எண் கடலில் இருக்கிறதா, பட்டியலில் மட்டும் இருக்கிறதா? இந்திய தத்துவ மரபு ஈராயிரம் ஆண்டுகளாக வாதித்துவரும் கேள்விதான் இது. பல பொருள்களை ஒரே பெயரால் அழைக்கும்போது அந்தப் பெயருக்கு நிகரான ஒன்று உலகில் உண்டா என்பதைத் தருக்க நூல்கள் சாதி, சாமானியம் என்ற தலைப்புகளில் ஆராய்ந்தன. அந்த வாதத்தில் மனிதச் சாதியும் கலந்திருந்ததால் அது வெறும் தருக்க விளையாட்டாக நின்றுவிடவில்லை. பசுவையும் குதிரையையும் மீனையும் பற்றிப் பேசியவர்கள் அடுத்த வரியிலேயே பிராமணரையும் சண்டாளரையும் பற்றிப் பேசினார்கள்.

மீன் நேரடியாக வரும் இடம் ஒன்று பாலி மொழிப் பௌத்த நூலான சுத்த நிபாதத்தில் உண்டு. பினாங்கு கம்பார் சாலையில் 1918-ல் நிறுவப்பட்ட மகிந்தாராம விகாரை போன்ற தேரவாதக் கோயில்களுக்கெல்லாம் மூலமான பாலி நூல்தொகுதியில் ஒரு பகுதி அது. சுத்த நிபாதத்திலுள்ள வாசெட்ட சுத்தத்தில் இரண்டு பிராமண இளைஞர்கள் ஒரு வழக்கோடு புத்தரிடம் வருகிறார்கள்: ஒருவன் பிராமணனாவது பிறப்பாலா, ஒழுக்கத்தாலா? புத்தர் நேரே விடை சொல்லவில்லை. புல் பூண்டு, பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை என்று வரிசையாக எடுத்துக்காட்டி, இவை ஒவ்வொன்றிலும் பிறப்பால் அமைந்த குறி உண்டு, அக்குறியால் இவை வேறு வேறு வகைகளாகின்றன என்கிறார். மனிதரிடம் தலைமயிர் முதல் கால் நகம் வரை தேடினாலும் அப்படியொரு குறி கிடைக்காது என்பது அவர் வாதம். மனிதரின் வேறுபாடுகள் பேச்சு வழக்கால் வந்தவை, தொழிலால் வந்தவை.

வாதத்தின் பிற்பாதியை இன்றைய மானிடவியல் மறுக்காது. முற்பாதிதான் சோதிக்க வேண்டியது. மீனிடம் அப்படியொரு குறி உண்மையிலேயே இருக்கிறதா?

வகைப்பாட்டு அறிஞர்கள் முதலில் குறிகளையே நம்பினார்கள். முதுகுத் துடுப்பின் முட்கள் அவற்றில் முக்கியமானவை. செஃபலோஃபோலிஸ் பேரினத்துக்கு ஒன்பது முட்கள். எப்பினெஃபெலஸ் பேரினத்துக்குப் பத்து அல்லது பதினொன்று. பிளெக்ட்ரோபோமஸுக்கு ஏழு அல்லது எட்டு. பேரினம் வரைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு உதவுகிறது. அதற்குக் கீழே இறங்கினால் நிறமும் புள்ளியும் பட்டையும்தான் மிச்சம். இந்த மீன்களோ பாறைக்கு ஏற்ப, அச்சத்துக்கு ஏற்ப, சில நொடிகளில் நிறம் மாற்றிக்கொள்பவை. சாராயத்தில் ஊறிய மீனில் நிறமே நிற்காது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்தபடி பெயர் சூட்டியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அப்படி வெளுத்த உடல்களே.

தமிழ்க் கரைக்கும் இதில் பங்கு உண்டு. தரங்கம்பாடி மிஷனில் பணியாற்றிய கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பெர்லினில் இருந்த மீனியலாளர் மார்க்கஸ் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். எப்பினெஃபெலஸ் என்ற பேரினத்தை 1793-ல் அமைத்தவர் பிளாக். எப்பினெஃபெலஸ் மலபாரிகஸ் என்ற களவாவின் விவரிப்பு அவர் மறைவுக்குப் பின் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட 1801-ஆம் ஆண்டு நூலில் வந்தது. பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த டேனியர் தியோடோர் கேன்டர் மலாய்க் கடல் மீன்களின் பட்டியலை 1849-ல் வெளியிட்டபோது, பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியேயின் வழியைப் பின்பற்றிக் களவாக்களைச் செர்ரானஸ் என்ற ஒரே பெரும் பேரினத்தின் கீழ் வைத்தார். இன்று அந்தப் பெயர் பினாங்குக் களவா எதற்கும் உரியதன்று.

பெயர்க் குழப்பம் பழங்கதையுமன்று. பினாங்கைச் சுற்றியுள்ள கடல் சேற்றுநீர். குறிப்பிடத்தக்க பவளப்பாறைக்கு வடக்கே பூலாவ் பாயார் வரை போக வேண்டும். ஆனால் கழிமுகத்தில் வளரும் களவா ஒன்று இங்கே தாராளம். மிதவைக் கூண்டுகளில் அதை வளர்க்கும் முறையை 1970-களில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள்; தீவனம், அடர்த்தி, செலவு என்று பல கட்டுரைகள் வந்தன. சிலவற்றில் அந்த மீன் எப்பினெஃபெலஸ் டாவினா. சிலவற்றில் எப்பினெஃபெலஸ் சால்மாய்டெஸ். டாவினா என்பது தெளிந்த நீரில் பவளப்பாறையில் வாழும் வேறொரு களவாவின் பெயர். ஆசிய மீன்வளர்ப்பு நூல்களில் அந்தப் பெயரோடு வரும் மீன் பெரும்பாலும் எப்பினெஃபெலஸ் கோயோயிடெஸ், அதாவது 1822-ல் கங்கை மீன்கள் பற்றிய தம் நூலில் ஹாமில்டன் விவரித்த மீன் என்பது பின்னர் வந்த முடிவு. இதை மலபாரிகஸிலிருந்து பிரித்தறிய இன்று சொல்லப்படும் எளிய அடையாளம், உடலில் பரவிய ஆரஞ்சு நிறப் புள்ளிகள். கூண்டுக்குள் இருந்த மீனோ எந்தப் பெயரால் அழைத்தபோதும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்தது. குறியை வைத்து வகையைத் தேடிய அறிஞர்கள் தடுமாறியிருக்கலாம், வகை தடுமாறவில்லை. குறி வேறு, குறிக்கப்படும் வகை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குறிகளில் மனிதர் மிக உறுதியானதாக எண்ணும் ஆண், பெண் என்ற குறியும் களவாவிடம் நிலையானதன்று. பெரும்பாலான களவாக்கள் பெண்ணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் முட்டையிட்டு, பின்னர் அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. கோயோயிடெஸில் 25 முதல் 30 செ.மீ. நீளத்தில் பெண்கள் முதிர்கின்றன. மாற்றம் 55 முதல் 75 செ.மீ. அளவில் நிகழ்கிறது. சினைப்பை படிப்படியாகச் சுருங்கி, அதே உறுப்பில் விந்துத் திசு வளர்கிறது. குஞ்சுப் பொரிப்பகங்களில் இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஆண் இயக்குநீர் கொடுத்து மாற்றத்தை முன்கூட்டியே வரவழைப்பதும் உண்டு. களவாவின் உறவு மீன் ஒன்றை அரிஸ்டாட்டிலும் கவனித்தார்: கன்னா என்று கிரேக்கர் அழைத்த மீனில் பிடிபட்டவை எல்லாம் முட்டையோடே இருந்தன என்று அவர் எழுதினார். அதில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே காலத்தில் இயங்குகின்றன என்பது மிகப் பிந்திய அறிவு.

சைவ சித்தாந்தத்துக்கு இந்தப் பால் மாற்றம் பெரிய இடைஞ்சலன்று. எண்பத்து நான்கு நூறாயிரம் பிறப்பு வேறுபாடுகளில் நீர்வாழ்வனவற்றுக்குப் பத்து நூறாயிரம் என்று அம்மரபு கணக்கிட்டாலும், ஆண், பெண் என்பதும் மீன், மனிதர் என்பதும் வினைக்கேற்ப வந்த உடலுக்கே உரியவை. உயிர் இவை எதுவுமன்று. உடலில் பால் மாறுவதால் உயிருக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. இடர்ப்படுவது வேறு தரப்பு: ஒரு பொருள் எந்த வகை என்பது அதன் மாறாத தன்மையொன்றில் அடங்கியிருக்கிறது என்பவர்கள். களவாவின் இளங்குஞ்சு வெளிக்கடலில் மிதக்கும்போது, நீண்ட முள் ஒன்று முதுகிலும் இரண்டு அடிவயிற்றுத் துடுப்புகளிலுமாகத் துருத்திக்கொண்டு, பெற்றோரின் சாயல் சிறிதுமின்றி இருக்கும். குஞ்சு, பெண், ஆண் ஆகிய மூன்று நிலைகளுக்கும் பொதுவான, கண்ணுக்குப் புலப்படும் மாறாத தன்மை எதையும் காட்ட முடியாது. மூன்றையும் இணைப்பது ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்ற தொடர்ச்சி மட்டுமே.

அந்தத் தொடர்ச்சியைத்தான் இன்றைய உயிரியல் பற்றிக்கொள்கிறது. எர்ன்ஸ்ட் மையர் 1942-ல் முன்வைத்த வரையறைப்படி, இயற்கையில் தமக்குள் கலந்து இனம் பெருக்கி, பிற கூட்டங்களோடு கலவாமல் நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம். அதாவது குறி சான்று மட்டுமே. வகையை ஆக்குவது வழித்தோன்றல். இந்த இடத்தில் ஒரு சங்கடம் எழுகிறது. ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மீமாம்சகர் குமாரிலர் பிராமணத் தன்மையை மெய்யான சாதியென்று நிறுவப் பிடித்த கொம்பும் இதுவே: உடலில் குறி தெரியாவிட்டாலும், பெற்றோர் மரபை அறிந்தவருக்கு அந்தச் சாதி புலப்படும் என்றார் அவர். குறியை விட்டு மரபுக்குப் போன உயிரியல், புத்தரின் வாதத்தைக் கைவிட்டுக் குமாரிலர் பக்கம் சாய்ந்துவிட்டதா?

இல்லை என்பதற்கான காரணம் பாலி நூல்களிலேயே இருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் அஸ்ஸலாயன சுத்தம் குறியை விட்டுக் கலப்பை எடுத்துப் பேசுகிறது. பெண் குதிரையும் ஆண் கழுதையும் சேர்ந்தால் பிறப்பது கோவேறு கழுதை. அது குதிரையுமன்று, கழுதையுமன்று. க்ஷத்திரியனும் பிராமணப் பெண்ணும் சேர்ந்தால் பிறக்கும் பிள்ளையிடம் அப்படி மூன்றாவதொரு வகை தோன்றுவதில்லை. மரபு என்பது வகையை ஆக்க வேண்டுமானால் அது பிரிந்து நிற்கும் மரபாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கலக்கக் கூடியதும் கலந்துவந்ததுமான மரபுகள் இரண்டல்ல, ஒன்றே. வாசெட்ட சுத்தத்தின் வாதத்தைக் காட்டிலும் இது வலுவானது. புள்ளியும் பட்டையும் பொய்த்தாலும் இது நிற்கும்.

களவாக்களோ இந்த வாதத்தையும் சோதிக்கின்றன. எப்பினெஃபெலஸ் ஃபுஸ்கோகுட்டாட்டஸ் என்ற புலிக் களவாவின் முட்டையோடு, 2.7 மீட்டர் வரை வளரும் ராட்சதக் களவாவான எப்பினெஃபெலஸ் லான்சியோலாட்டஸின் விந்தைச் சேர்த்து மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் ஒரு கலப்பினத்தை உருவாக்கினார்கள். அதன் முட்டை, குஞ்சு வளர்ச்சி பற்றிய ஆய்வு 2008-ல் வெளிவந்தது. வேகமாக வளர்வதால் மலேசியக் கூண்டுப் பண்ணைகளில் அது இன்று பரவலாக இருக்கிறது. இதற்கு என்ன சாதி?

பத்தாம் நூற்றாண்டு நையாயிகர், அதாவது நியாயம் என்ற தருக்க மரபினர், உதயணர், எதையெல்லாம் மெய்யான சாதியாகக் கொள்ளலாகாது என்பதற்கு ஆறு தடைகளை வகுத்தார். சங்கரம் அவற்றில் ஒன்று: ஒன்றையொன்று விட்டும் காணப்படுகிற இரு தன்மைகள் ஓரிடத்தில் கலந்தும் காணப்பட்டால் அவை சாதியாக மாட்டா. பண்ணை மீனில் புலிக் களவாத் தன்மையும் ராட்சதக் களவாத் தன்மையும் கூடியிருக்கின்றன என்று ஒப்புக்கொண்டால், உதயணர் விதிப்படி இரண்டுமே சாதியென்ற தகுதியை இழக்கும். தப்பிக்க ஒரே வழி, கலப்பு மீனை மூன்றாவது சாதியென்பது. ஆனால் நியாயத்தில் சாதி என்றும் உள்ளது. பொரிப்பகத் தொழிலாளி முட்டையைப் பிதுக்கி விந்தோடு கலந்த அன்று வரை, இடமளிக்க ஒரு மீனும் இல்லாமல் அந்தச் சாதி அனாதியாகக் காத்திருந்தது என்று சொல்ல நேரும். நையாயிகர் இதற்கும் விடை வைத்திருப்பார், நம்புவது கடினம்.

மரபுவழிக் கொள்கைக்கு இந்த நெருக்கடி இல்லை. மையரின் வரையறை இயற்கையில் என்ற நிபந்தனையோடு வருகிறது. பல களவாக்கள் குறிப்பிட்ட பருவத்தில், நிலவின் குறிப்பிட்ட நாட்களில், மரபாக வரும் இடங்களில் கூடி முட்டையிடுகின்றன. காலமும் இடமும் துணை அறியும் நடத்தையும் சேர்ந்தே மரபுகளைப் பிரித்துவைக்கின்றன. பொரிப்பகம் இந்த மூன்றையும் நீக்கிவிடுகிறது. ஆக, சிற்றினங்களுக்கு இடையே இருப்பது என்றும் கடக்க முடியாத மதில் அல்ல. வாழ்க்கை முறை எழுப்பிய வரப்பு. கூண்டிலிருந்து தப்பிய கலப்பு மீன்கள் கடலில் இனம் பெருக்கினால் அந்த வரப்பு கரையவும் கூடும். அதனால் இன்றைக்கு அது இல்லை என்றாகிவிடாது.

இதற்கு இணங்கிவரும் தமிழ்ச் சொல்லாட்சி அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலின் அளவைப் பகுதி, பொருளுக்கு இரண்டு இயல்புகளைச் சொல்கிறது. பிற சாதியிலிருந்தும் தன் சாதியிலுள்ள மற்றவற்றிலிருந்தும் விலகி நிற்பது தன்னியல்பு. பிற சாதியை விலக்கித் தன் சாதியோடு ஒத்து நிற்பது பொதுவியல்பு. இரண்டும் விலகலாலும் ஒப்பாலும் சொல்லப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பொருளுக்குள் குடியிருக்கும் நித்தியமான ஒன்றைத் தேடவேண்டிய அவசியம் இந்த வரையறையில் இல்லை. கூட்டம் மாறினால் ஒப்பும் விலகலும் மாறும். சித்தியார் மீன் வகைப்பாட்டை எண்ணி எழுதியதன்று. எனினும் ஒரு களவாக் கூட்டத்தை வரையறுக்க, நையாயிகரின் சாமானியத்தைவிட இது பொருத்தமான கருவி.

சிற்றினத்துக்கு மேலுள்ள படிகளில் நிலைமை வேறு. ராட்சதக் களவா முன்பு பிரோமிக்ராப்ஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்தது. இன்று எப்பினெஃபெலஸில் இருக்கிறது. கெராப்பு திக்குஸ் என்று மலாயில் அழைக்கப்படும் கூன்முதுகுக் களவா, அதன் விநோதத் தோற்றத்துக்காகக் குரோமிலெப்டெஸ் என்ற பேரினத்தில் தனியே வைக்கப்பட்டிருந்தது. அதுவும் எப்பினெஃபெலஸின் கிளைகளுக்கு நடுவிலிருந்தே முளைத்தது என்று 2007-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. களவாக்களைச் செர்ரானிடே குடும்பத்திலிருந்து பிரித்து எப்பினெஃபெலிடே என்ற தனிக் குடும்பமாக வைக்கும் வழக்கமும் அதே ஆண்டுகளில் வலுப்பெற்றது. கிளைகள் எந்த வரிசையில் பிரிந்தன என்பது கடலில் நடந்த வரலாறு. அதை ஆய்வு கண்டறிகிறது. எந்தக் கணுவில் வெட்டிப் பேரினம் என்று பெயரிடுவது, எந்தக் கணுவில் குடும்பம் என்பது அறிஞர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. பெயர் வழக்கால் வந்தது என்று வாசெட்ட சுத்தம் மனிதரைக் குறித்துச் சொன்னது, களவாக்களின் சிற்றினத்துக்குப் பொருந்தாவிட்டாலும் அவற்றின் பேரினத்துக்கும் குடும்பத்துக்கும் பெருமளவு பொருந்துகிறது.