957 என்றொரு விமானம் இல்லை

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு நகருக்கு அருகே இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் வானில் நெருங்கிவந்தன. ஹனேடாவிலிருந்து நாஹாவுக்குப் போன 907, பூசானிலிருந்து நரிதாவுக்கு வந்த 958. இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958ஐ இறக்க நினைத்தார். வாயில் வந்ததோ 907. அந்த விமானி தன் எண்ணையும் சேர்த்தே உத்தரவைத் திருப்பிச் சொன்னார். பயிற்சியில் இருந்தவருக்கும் உறைக்கவில்லை, அருகிலிருந்த மேற்பார்வையாளருக்கும் உறைக்கவில்லை. மோதல் தவிர்ப்புக் கருவி 907ஐ ஏறச் சொன்னது, விமானி மனிதக் குரலை நம்பி இறங்கினார். பதறிய மேற்பார்வையாளர் 957ஐ ஏறச் சொன்னார். அப்படியொரு விமானம் வானிலேயே இல்லை. கடைசி நொடியில் கண்ணால் கண்டு விலகியதால் மோதல் தவிர்ந்தது. 907இல் 100 பேர் காயமடைந்தார்கள்.

நினைத்தது சரி, சொன்னது தவறு என்றால் செயல் எது? எண்ணமே வினை என்கிறது பௌத்தம். அந்தக் கணக்கில் பயிற்சியில் இருந்தவர் செய்தது உயிர்காக்கும் செயல்தான். ஆனால் அதே மரபின் மிலிந்த பன்ஹா என்ற நூலில், அறியாமல் தீமை செய்பவனுக்கே கேடு அதிகம் என்று நாகசேனர் என்ற துறவி வாதிடுகிறார்: பழுக்கக் காய்ச்சிய இரும்பை, சூடு தெரியாமல் பிடிப்பவன் கைதான் மோசமாக வேகும். இதைத் தண்டனைக்கான நியாயமாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது. பெயர் வெறும் வழக்கு, அதற்குள் ஆள் இல்லை என்று தன் பெயரை வைத்தே காட்டியவரும் நாகசேனர்தான். 907 என்ற எண்ணுக்கும் அந்த உலோகக் கூட்டுக்கும் இயற்கையான உறவு ஏதுமில்லை. சொல்பவரும் கேட்பவரும் விழித்திருக்கும்வரைதான் அந்த உறவு நிற்கிறது. வழக்குதானே என்று அலட்சியமாக விடமுடியாதது அதனால்தான். 957 யாருக்கும் சொந்தமில்லாத பெயர், ஆகவே யாரும் கீழ்ப்படியவில்லை. 907 தவறான பெயராக இருந்தும் ஆபத்தானது, அதற்கு நிஜமாகவே ஓர் உரிமையாளர் இருந்ததால்.

ஒலி ஒத்த எண்களை மாற்றிவிட்டால் போயிற்று, இதில் தத்துவம் எங்கே என்று கேட்கலாம். மாற்றவேண்டியதுதான், விமான நிறுவனங்கள் மாற்றவும் செய்கின்றன. ஆனால் 907க்கும் 958க்கும் நிறுவனப் பெயரையும் முதல் இலக்கத்தையும் தவிர ஒற்றுமை ஏது? குழப்பம் காதில் பிறக்கவில்லை. மனம் ஒரு விமானத்தையும் நாக்கு இன்னொன்றையும் பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளரின் வாயிலோ ஒன்றின் ஐந்தும் மற்றதன் ஏழும் கலந்து புது எண்ணே பிறந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது: பொறுப்பை எல்லோருக்கும் பங்கிட்டால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகும். ஜப்பானிய நீதிமன்றங்களே இதில் தடுமாறின. 2006இல் மாவட்ட நீதிமன்றம் கட்டுப்பாட்டாளர் இருவரையும் விடுவித்தது. 2008இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டத்துக்கு ஒரு வாய் தேவைப்படுகிறது, புரிகிறது. ஆனால் உத்தரவைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டதே ஒரு வாயை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக. அன்று வாய் தவறிய பிறகும் அந்த வழக்கம் தன் வேலையைச் செய்தது: பிழை, சரியான உச்சரிப்போடு, கட்டுப்பாட்டு அறைக்கே திரும்பி வந்தது. அங்கே காத்திருந்த காதுகள் 958 என்ற விடையை எதிர்பார்த்திருந்தன.