குழந்தையின் பெயரில் நம்பலாமா?

பெரிய ஏரியில் குடும்பத்தோடு படகேறும்போது ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? தன் உயிரை மட்டும் முன்வைத்துச் சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை. மடியில் நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு சொல்பவருக்கு அந்த உரிமை கிடையாது என்பதே என் வாதம். நம்புவது ஒருவர், விலை கொடுப்பது இன்னொருவர் என்றாகிவிடுகிறது. அடுத்தவர் நகையைக் கேட்காமல் அடகு வைக்கிற காரியத்துக்கு பக்தி என்று பெயர் சூட்ட முடியாது.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் கழிமுகத்தில் கவிழ்ந்த சுற்றுலாப் படகிலும் 22 பேர். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். தானூர் படகு இருட்டிய பிறகும் அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு ஓடியது. வடோதராவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டே இல்லை. தலையை எண்ணியிருந்தால், ஜாக்கெட் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள் இவை. கரையிலேயே கண்ணுக்குத் தெரிந்ததை ஊழின் கணக்கில் எழுதுவது ஊழுக்கே அநியாயம்.

‘விதி முடிந்தால் வீட்டுக்குள்ளும் சாவு வரும்’ என்பார்கள். வரும்தான். ஆனால் ஊழைப் பற்றி 38ஆம் அதிகாரம் எழுதிய வள்ளுவரே ஆள்வினையுடைமை என்று 62ஆம் அதிகாரமும் எழுதினார். முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் படகேறுகிறவர் பாதிக் குறளோடு போகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பது நபிமொழி. கிறிஸ்தவர்கள் கலிலேயாக் கடலை நினைவூட்டலாம். பெயர்தான் கடல், உண்மையில் அது நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேடு. மேட்டிலிருந்து காற்று இறங்கினால் சற்று முன்வரை அமைதியாகக் கிடந்த தண்ணீர் கொந்தளித்துவிடும். அங்கே புயலுக்கு நடுவே படகில் இயேசு உறங்கினார், பிறகு காற்றை அதட்டினார் என்கிறது சுவிசேஷம். அதே சுவிசேஷம்தான், கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆசை காட்டப்பட்டபோது, கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று அவர் மறுத்ததையும் சொல்கிறது. அந்தப் படகில் இருந்தவர்களில் சிலர் அந்த ஏரியிலேயே பிழைத்த மீனவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ‘எத்தனையோ குடும்பங்கள் ஜாக்கெட் இல்லாமல் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்புகின்றனவே, அவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா?’ இங்கிலாந்துத் தத்துவவாதி வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் இதற்குப் பதில் எழுதினார். இத்தாலிக்குச் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் கப்பல் உடைந்து உயிர்தப்பியவர் அவர். வெறும் ஏட்டுக் கணக்கு போடவில்லை. அவர் தரும் உதாரணத்தில், பழைய கப்பலின் உரிமையாளர் ஒருவர், இத்தனை தடவை போய் வந்த கப்பல் இது, இத்தனை குடும்பங்களைக் கடவுள் கைவிடமாட்டார் என்று தன் சந்தேகத்தைத் தானே ஆற்றிக்கொண்டு அதை அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது; அவர் குற்றவாளி. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபர்ட். சோதித்துப் பார்க்காமல் நம்பிய கணத்திலேயே தவறு முடிந்துவிட்டது. மிச்சம் வெறும் அதிர்ஷ்டம். கேட்க முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அவர் பக்கம். திரும்பி வந்த குடும்பத்தைத் தண்டிக்கச் சொல்லவில்லை. திரும்பி வந்ததைத் தங்கள் நம்பிக்கைக்குச் சாட்சியாகக் காட்டாதிருக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்பதும் சரியே. உரிமம் தருபவர் பார்க்க வேண்டும். ஆனால் படகுத்துறையில் ‘சின்னப் பிள்ளைதானே, மடியில் உட்காரட்டும்’ என்ற குரல் எழும்போது உரிமம் தந்தவர் பக்கத்தில் இருப்பதில்லை. மடியில் உட்கார்ந்தாலும் பிள்ளைக்கு எடை உண்டு, மூச்சும் உண்டு. எண்ணிக்கையில் அது ஓர் ஆள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிடுவதும் ஏமாற்று வேலை. மாட்டிய பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்: தாடை உள்ளே போய்விட்டால், தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை நழுவிவிடும். படகுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், தலையை எண்ணுங்கள், பொழுது சாய்வதற்குள் கரை சேர முடியுமா என்று பாருங்கள். படகோட்டி சலித்துக்கொண்டால் டிக்கெட் பணம் போனாலும் போகட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.