கோரிக்கைப் பட்டியலில் ஒரு மிதிவண்டி

பலர் கூடிப் பொதுக் கோரிக்கைகளை வகுக்குங்கால், எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்வோம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு அவர்கள் மற்றொன்றையும் கேட்டனர்: துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை என்னும் உரிமை.

காசால் அளந்தால் அது மிகச் சிறிது. ஆயினும் இறங்கி நின்றவனுக்கன்றி அவ்விழிவு பிறர்க்கு விளங்காது. கூலி வயிற்றைக் காக்கும். அச்சிறு கோரிக்கையோ மானத்தைக் காக்க எழுந்தது.

இன்று செலாயாங்கில் சமூக நீதிக்கெனக் கூடுவோர்க்கும் இதுவே அளவுகோல். பேசவல்லார் தேவை தானே பட்டியலில் ஏறிவிடும். பேசத் தயங்குவோர் துயரைக் கேட்டறிந்து எழுதுவதே அறமாகும்.