அபயம் முன்னே, உபதேசம் பின்னே

கருவுற்ற தாய் கலங்காதிருக்கவேண்டும் என்பர் பெரியோர். அந்தக் கலங்காமையை அவள் ஒருத்தியே தேடிக்கொள்ள வேண்டுமோ?

ஹிரண்யகசிபு தவம் செய்யச் சென்றிருக்கையில், கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் கவர்ந்து சென்றான் என்கிறது ஸ்ரீபாகவதம் ஏழாம் ஸ்கந்தம். அவளை விடுவித்த நாரதர், கணவன் திரும்புமளவும் தம் ஆச்ரமத்தில் இருக்கலாம் என்று முதலில் அபயம் அளித்தார். அச்சம் தீர்ந்து வாழ்ந்தவளுக்குப் பின்னரே உபதேசித்தார். காலப்போக்கில் தாய் மறந்தாள். கருவில் கேட்ட ப்ரஹ்லாதாழ்வான் மறந்திலன்.

தாயின் மன அழுத்தத்தில் பெருகும் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்து சிசுவைக் காக்கிறது. அழுத்தம் நீடித்தால் அக்காவல் தளரக்கூடும். பிறக்கும் குழந்தை எளிதில் அழுது, ஆறுதலடையத் தாமதிக்கவும் கூடும் என்பது இக்கால மருத்துவம். ஆயினும் இது மாறாத விதியன்று. பிறந்தபின் பெறும் அரவணைப்பும் குழந்தையின் மனத்தை உருவாக்கும். ஆகவே தாயைப் பழிப்பது தகாது.

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் கர்ப்பிணிக்கு, "கலங்காதே" என்னும் சொல்லும் ஒரு சுமையே. அவளைப் பாசுரம் சேவிக்கச் சொல்லுமுன், அவள் கையிலுள்ள பாத்திரத்தை வாங்கி நாம் துலக்குவோம். அபயம் அங்கே தொடங்குகிறது.