தயங்குவது தவறா?



தலைமன்னாரிலோ பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால், அடித்தட்டில் இரண்டு மூன்று வீடியோ கொப்பிகள் கிடக்கக் காணலாம். மகளின் முதல் நன்மை, அண்ணனின் கலியாணம், மறைந்துபோன அப்பாவின் குரல் எல்லாம் அவற்றினுள்ளே இருக்கின்றன. போட்டுப் பார்க்க டெக் இல்லை. அந்த வீட்டாரிடம், “இதைவிடத் தெளிவான புதிய முறை வந்திருக்கிறது, வாங்குங்கள்” என்றால் தயங்குகிறார்கள். இது கஞ்சத்தனம், காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதம் என்று இளையோர் நகைக்கிறார்கள். நகைப்பது நியாயமா?

நடந்ததைப் பாருங்கள். 1975இல் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையையும் யப்பானில் வெளியிட்டன. ஒன்றின் நாடா மற்றதன் கருவியில் ஓடாது. பீற்றாமக்ஸ் தோற்றது; 1988இல் சோனியே வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்யத் தொடங்கியது. வென்றதும் நிலைக்கவில்லை. 1996இல் டிவிடி வந்தது. 2006இல் புளூ-ரேயும் எச்.டி. டிவிடியும் போட்டிக்கு வந்தன. 2008 பெப்ரவரியில் தோஷிபா நிறுவனம் எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. 2016இல் வீ.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியும் நின்றது. ஒவ்வொரு முறையும் நட்டம் யாருக்கு? விற்றவனை நம்பி வாங்கியவனுக்கே.

நம் மக்கள் புதியதை வெறுப்பவர்கள் அல்லர். நைலோன் வலை வந்தபோது நம் மீனவர் பருத்தி வலையை விட்டு அதற்கு மாறினார்கள். வலை மாறினாலும் மீன் மீன்தான். நேற்றைய வலையில் பட்ட மீன், புது வலை வந்ததால் கைவிட்டுப் போவதில்லை. வீடியோ அப்படியன்று. கருவி மாறும்போது நேற்றுப் பிடித்து வைத்ததும் கையை விட்டுப் போகிறது. டிவிடிக் கருவி பழைய சீடியை ஏற்றது. புளூ-ரேக் கருவி டிவிடியை ஏற்கிறது. நாடாவையோ இவை ஏற்பதில்லை. இதை ஒருமுறை பட்டறிந்தவன் அடுத்த முறை தயங்காமல் என்ன செய்வான்? கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரும் போதித்தாரன்றோ?

ஆகவே தயக்கம் விவேகத்தின் பிள்ளையாக இருக்கலாம். ஆனால் இத்தோடு நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. புனித தோமஸ் அக்குவினாஸ் விவேகத்துக்கு எதிரான குற்றங்களை ஆராயும்போது அவசரத்தைச் சொல்கிறார், அசட்டையையும் சொல்கிறார். மேலும், நினைவாற்றலை விவேகத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறார். அவசரமாக வாங்காதவன் முதற் குற்றத்திலிருந்து தப்பினான். அலுமாரியைத் திறந்தே பாராதவன் இரண்டாவதில் விழுகிறான்.

நம் கரையோரத்தின் ஈரக்காற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது, படம் மங்குகிறது. 1990இல் வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர்களும், உள்ளூரிலேயே இடம்பெயர்ந்து அலைந்தவர்களும் கலியாணப் படத்தைக்கூட எடுத்துச் செல்ல முடியாமல் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி இழந்த ஒரு மண்ணில், தப்பி மிஞ்சிய ஒரு கொப்பியை அசட்டையால் இழப்பது எவ்வளவு பரிதாபம்!

ஆதித் திருச்சபையை நினைத்துப் பாருங்கள். சுருளேடு பெருவழக்காக இருந்த காலத்திலேயே கிறிஸ்தவர்கள் தைத்த ஏட்டுப் புத்தகத்தை விரும்பி ஏற்றார்கள். அவர்கள் பற்றிக்கொண்டது சுருளையன்று, நற்செய்தியை. அது இன்று நம் கையில் இருப்பது, தலைமுறை தலைமுறையாகச் சலியாமல் படியெடுத்தவர்களின் உழைப்பால்.

எனவே, அன்பரே, புதிய கருவி வாங்கத் தயங்குங்கள், தவறில்லை. படியெடுக்கத் தயங்காதீர்கள். டெக் இன்னும் ஓடுகிற இடத்தைத் தேடி, அந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றுங்கள். ஒரு படியை உங்கள் வீட்டிலும் மற்றதை வெளியூரில் உள்ள பிள்ளையிடமும் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் படியெடுங்கள். பங்கின் பழைய திருநாள் நாடாக்களுக்கும் இதுவே செய்யத்தக்கது. உங்கள் தயக்கத்தைப் பார்த்து நகைத்த இளைஞனிடமே இந்தப் பணியை ஒப்படையுங்கள். தாத்தாவின் குரலை அவன் முதன்முறையாகக் கேட்கும்போது, நீங்கள் எதற்காகத் தயங்கினீர்கள் என்பதும் அவனுக்கு விளங்கும்.