முப்பத்தேழு நாள் குறைவு

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதையைக் கேட்டாலும் அதில் வில்லன் யார் என்று தேடத் தொடங்கிவிடுவான். டேவிட் கிளைட் என்ற அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரரின் வரலாற்றைப் படித்தபோது நானும் அப்படித்தான் தேடினேன். அகப்படவில்லை. அகப்படாததனால்தான் அந்த விஷயம் பல நாள் என் மனத்தை விட்டு நீங்காமல் இருந்தது.

பேஸ்பால் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவன் ஆறு பந்து போட்டுவிட்டு மூச்சு வாங்கிக் கொள்ளலாம். பேஸ்பாலில், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்தெறிபவன் தன்னை மாற்றும்வரை தானே எறிந்து கொண்டிருக்க வேண்டும். தோளின் முழுப் பலத்தையும் கொட்டி ஒரே மாலையில் நூறு பந்துக்கு மேல்கூட எறிவான். ஆகையால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பையன்களைப் பெரும்பாலும் நேரே பெரிய களத்தில் இறக்கிவிட மாட்டார்கள். சின்னச் சின்ன ஊர்களில் ஆடும் கீழ்நிலைக் குழுக்களில் சில வருஷம் விட்டு வைப்பார்கள். அங்கே தோள் முற்றும். தோல்வியைத் தாங்கிக் கொள்ள மனமும் பழகும். மாங்காயை வைக்கோலில் வைத்து மூடுகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

கிளைட் ஹூஸ்டன் நகரத்துப் பையன். இடது கைக்காரன். பள்ளியின் கடைசி வருஷத்தில் 18 ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. 1973 ஜூன் மாதம் குழுக்கள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, நாடு முழுவதிலும் முதல் பெயராக அவன் பெயர் வந்தது. எடுத்தது டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ். அந்தக் குழு அதற்கு முந்தின வருஷம்தான் வாஷிங்டனிலிருந்து ஆர்லிங்டனுக்குக் குடிபெயர்ந்து, முதல் வருஷத்திலேயே 100 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மைதானத்தில் ஈ ஓட்டிக் கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் பாப் ஷார்ட் பணமுடையில் இருந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பையனை முதலில் இரண்டே இரண்டு ஆட்டம் பெரிய களத்தில் ஆட விடுவது; பிறகு வழக்கம்போல் கீழ்நிலைக் குழுவுக்கு அனுப்பிவிடுவது. இரண்டு ஆட்டத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது?

ஜூன் 27-ஆம் தேதி இரவு மினசோட்டா ட்வின்ஸ் குழுவுக்கு எதிராக அவன் களத்தில் இறங்கினான். வயது பதினெட்டு. குழுக்கள் அவனைத் தேர்ந்தெடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 35,698 பேர். ஆர்லிங்டன் மைதானம் அப்படி நிரம்பியது அதுவே முதல் தடவை. வண்டிகள் தெருவில் சிக்கிக் கொண்டு ஜனங்கள் உள்ளே வர முடியாததால் ஆட்டத்தைச் சற்றுத் தாமதித்துத் தொடங்கினார்கள். முதல் இரண்டு பேருக்கும் குறி தவறி எறிந்து அவர்களைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பினான். அடுத்து வந்த மூவரையும் வரிசையாக வெளியேற்றினான். ஐந்து பகுதிகள் எறிந்ததில் அவன் பந்தை ஒழுங்காக அடித்தவர் ஒரே ஒருவர். அவனிடம் மட்டையைத் தோற்றவர்கள் 8 பேர். குழு 4-3 என்று வென்றது. குறி தவறி அவன் சும்மா அனுப்பியவர்கள் மொத்தம் 7 பேர் என்பதும் கணக்கில் இருக்கிறது. அந்த ஏழு, அன்றையக் கரகோஷத்தில் யார் காதிலும் விழுந்திராது.

இரண்டு ஆட்டம் ஆயிற்று. அவனைக் கீழே அனுப்பவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி. 1976-ல் தோளில் ரண சிகிச்சை. பிறகு கிளீவ்லண்ட் குழுவில் இரண்டு வருஷம் தட்டுத் தடுமாறி ஆடினார். 1979-ல் பெரிய களத்தில் கடைசி ஆட்டம். அப்போது வயது 24. அந்தக் காலத்து விதிப்படி ஆட்டக்காரருக்கு உபகாரச் சம்பளம் கிடைக்க நாலு வருஷ சேவை வேண்டும். கிளைட்டுக்கு அதில் 37 நாள் குறைந்தது. 1980-க்குப் பின் வந்தவர்களுக்கு 43 நாள் சேவையே போதும் என்று விதி மாறியது. விதிக்கு அப்படியொரு வேடிக்கை புத்தி. அவர் மாமனாரின் மரவாடியில் வேலைக்குப் போய் ஏறக்குறைய இருபது வருஷம் அங்கே இருந்தார்.

இப்போது வில்லனைத் தேடுவோம்.

ஷார்ட்டைச் சொல்லலாம். ஆனால் குழு மூழ்கினால் அதை நம்பிப் பிழைக்கும் அத்தனை பேரும் மூழ்குவார்கள் என்று அவர் பதில் சொல்லியிருக்கக் கூடும். பையனை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவனே ஆசைப்பட்டான், எந்தப் பதினெட்டு வயது ஆசைப்படாது? இன்னொரு நியாயமும் இருக்கிறது. அதே 1973-ல் மூன்றாவதாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட ராபின் யவுண்ட், மறு வருஷம் பதினெட்டு வயதிலேயே மில்வாக்கி குழுவின் நிரந்தர ஆட்டக்காரர் ஆனார். 1999-ல் பேஸ்பாலின் புகழ்க்கூடத்திலும் இடம் பெற்றார். அவர் பந்தெறிபவர் அல்ல, தோளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்பது உண்மைதான். என்றாலும், பிஞ்சில் இறக்கிய ஒருவர் கெட்டார், ஒருவர் செழித்தார் என்றால் இறக்கியதே குற்றம் என்று எப்படிச் சொல்வது? கிளைட்டும் வென்றிருந்தால் ஷார்ட்டைத் தீர்க்கதரிசி என்றுதானே எழுதியிருப்போம்?

இந்தக் கேள்வி என்னை வெகு நாள் மடக்கி வைத்திருந்தது. பிறகு எனக்குத் தோன்றியது இது: விளைவை வைத்துப் பார்த்தால் நியாயம் நம் கைக்குச் சிக்காது. அந்த மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆட்டம் போதும் என்று அவர்களே சொன்னார்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே பையன் முற்றிவிட்டானா? அவனுடைய குறி திருந்திவிட்டதா? ஒன்றுமில்லை. மாறியது டிக்கெட் வசூல் ஒன்றுதான். மூன்றாவது ஆட்டத்தைத் தீர்மானித்தபோது யாருடைய கண்ணும் அவன் தோளில் இல்லை. அவன் பிற்பாடு வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் அந்தப் பார்வை அதேதான்.

ஆனால் ஷார்ட்டைவிட என்னைத் தொந்தரவு செய்கிறவர் வேறொருவர். குழுவின் மேலாளர் ஒயிட்டி ஹெர்ஸாக். ஆட்டம் தெரிந்தவர், பின்னாளில் செயின்ட் லூயிஸ் குழுவுக்கு 1982-ல் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பையனைக் கீழே அனுப்ப வேண்டும் என்பதே அவர் அபிப்பிராயம். சொன்னார். முதலாளி கேட்கவில்லை. பிறகு முறை வரும்போதெல்லாம் பையன் கையில் பந்தைக் கொடுத்தார். அந்த செப்டம்பரிலேயே ஹெர்ஸாக்கை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மறு வருஷம் ஷார்ட்டும் குழுவை விற்றுவிட்டுப் போனார். பையனைத் தூக்கி நிறுத்திய இருவரும் ஒரு வருஷத்துக்குள் இடத்தைக் காலி செய்தாயிற்று. தோளோடு மிஞ்சியவன் அவன்தான்.

ஹெர்ஸாக்கின் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை பேச்சு. ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு சிறுகதை அனுப்பினான். இரண்டும் அற்புதம். வாசகர் கடிதங்கள் குவிந்தன. முதலாளி அவனைத் தொடர்கதை எழுதச் சொல்லும்படி சொன்னார். "அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் சார்" என்றேன். "உம்மால் முடியாது என்றால் சொல்லும்" என்றார். அன்று மாலையே பையனுக்குக் கடிதம் எழுதினேன். ஆட்சேபம் தெரிவித்தாயிற்று என்ற திருப்தியோடு எழுதினேன். "தைரியமாக எழுது தம்பி, நான் இருக்கிறேன்" என்று ஒரு வரி.

பதினோராம் வாரம் கதை தள்ளாடியது. பதினைந்தாம் வாரம் வாசகர்கள் கேலி செய்து எழுதினார்கள். அப்போது நான் அந்தப் பத்திரிகையில் இல்லை. வேறிடத்தில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பாங்கியில் வேலை என்றார். என் நாவல்களைப் படிப்பதாகச் சொன்னார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் நன்றாயிருக்கிறது என்று இருவரும் பேசிக் கொண்டோம். கிளம்பும்போது, "அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது சார்" என்றார். முகத்தைப் பார்த்தேன். கோபமா, பிரியமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.