மறைந்திருக்கும் வங்குகள்

பிறர் காணும் இடத்தில் செம்மையாகச் செயலாற்றுவதற்கும், எவரும் காணாத இடத்தில் செம்மையாகச் செயலாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குத் தூண்டுகோல்கள் பல. புகழ் உண்டு, கூலி உண்டு, தண்டனை பற்றிய அச்சமும் உண்டு. பின்னதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவ்வாறிருக்க, மனிதன் அங்கும் ஏன் செம்மையை நாட வேண்டும்? இப்பழம்பெரும் கேள்விக்கு விடை காண அறநூல்களை மட்டுமே புரட்ட வேண்டுவதில்லை. பொழுதுபோக்காக மரத்தில் சிறு கப்பல் செய்யத் தொடங்கும் ஒருவனின் மேசைமீதும் அக்கேள்வி எழுகின்றது.

மாதிரிக் கப்பல் செய்பவன் முதலில் அமைப்பது ஏரா. கப்பலின் முதுகெலும்பாக விளங்கும் அடிக்கட்டை அது. அதன்மேல் வங்குகளை வரிசையாக நிறுத்துகின்றான். வங்கு என்பது கப்பலின் விலா எலும்பு. ஒவ்வொரு வங்கும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும், இருபுறமும் ஒத்திருக்கவேண்டும். பலகை தடையின்றி வளைந்து படியுமாறு அதன் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவு கொடுக்கவேண்டும். பின்னர் மெல்லிய பலகைகளை நீரில் ஊறவைத்து, வளைத்து, பசையிட்டு ஒட்டுகின்றான். கடைசிப் பலகை ஒட்டப்பட்டதும் வங்குகள் மறைந்துவிடுகின்றன. பார்ப்பவர் கண்ணில் படுவன பாய்மரமும் கயிறும் வண்ணமுமே.

தொடக்க நிலையில் இருப்பவனுக்குச் சோதனை வருவது இங்கேதான். ஒரு வங்கு சற்றே சாய்ந்து நிற்கின்றது. அதைப் பெயர்த்துத் திருத்தினால் இரண்டு மாலைப் பொழுதுகள் வீணாகும். ஒரு மரச்சீவலைச் செருகிப் பலகையால் மூடிவிட்டாலோ, எவருக்கும் தெரியாது. அவன் எதைச் செய்யவேண்டும்?

உண்மைக் கப்பலாயின் விடை எளிது. தோட்டத்து மக்களுக்குக் கப்பல் என்றதும் நினைவில் எழுவது 'ரஜுலா'. 1926-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற அந்த எஃகுக் கப்பல், தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே பல்லாண்டுகள் மக்களைச் சுமந்தது, 1974-இல் உடைக்கப்பட்டது. தமிழர் தம் கையால் கட்டிய மரக்கப்பல்களும் பெருங்கடல் கண்டவையே. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டில் 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் உருவாயிற்று. அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தினர். சூயசுக் கால்வாயையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938-இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதன் வங்குகளை வழியில் எவரும் பார்த்திரார். ஆனால் அலைகள் ஒவ்வொரு நாளும் அவற்றைச் சோதித்தன. மேசைமீது நிற்கும் மாதிரிக் கப்பலுக்கோ கடல் இல்லை, அலை இல்லை. அதன் உள்ளே இருக்கும் பொய்யால் மூழ்கப்போகின்றவர் ஒருவரும் இல்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இவ்வினா முற்றிலும் புதிதன்று. லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் செழித்திருந்த நாளில், பெரட்டு முடிந்ததும் இருள் பிரியாத வேளையில் தாய்மார்கள் உளியோடு நிரைக்குச் சென்றனர். ஒருவர் பங்கில் நானூறு, ஐந்நூறு மரங்கள் இருக்கும். உளி பட்டைக்குள் இறங்கவேண்டும். ஆனால் மரத்தின் உயிர்ப்படலத்தைத் தீண்டலாகாது. இடையே விடவேண்டியது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அப்படலத்தை ஒட்டியே பால்குழாய்கள் மிகுதி. ஆதலால் ஆழ வெட்டினால் அன்றைக்குப் பால் கூடும். காயம் பட்டாலோ, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். பல்லாண்டுக்குப் பின் அதே இடத்தில் உளி வைப்பவரே அத்துன்பத்தை அறிவார். கங்காணி காயங்களைச் சோதிப்பதுண்டு. ஆயினும் ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு நாளும் அவரால் காண இயலாது. கண்காணாத மரத்திலும் காயமின்றி வெட்டிய கை, முகம் அறியாத ஒருவருக்குச் செய்த அறம் அது. பயிற்சியற்ற கூலிகள் என்று பேசப்பட்டவர்கள் பழகியிருந்த நுட்பமும் அதுவே.

எனினும் அங்கே கூலியும் கண்காணிப்பும் உடனிருந்தன. ஒருவர் காட்டிய கவனம் அச்சத்தால் விளைந்ததா, அன்பால் விளைந்ததா என்று பிரித்தறிவது அரிது. தராசில் நிறுக்கப்பட்டது பால், கவனம் அன்று. மாதிரிக் கப்பலோ நிறுக்கப்படுவதில்லை, விற்கப்படுவதுமில்லை. அதில் காட்டும் கவனம் முழுவதும் செய்பவனுக்கே உரியது. பயனற்றது என்று ஒதுக்கப்படும் பொழுதுபோக்கின் பெருமை இதுவே. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கண்முன் உழைத்த ஒரு சமுதாயத்தின் பிள்ளை, தன் நேர்மை தன்னுடையதுதானா என்று அங்கே அறிந்துகொள்கின்றான்.

இதனால் தொடக்கக்காரனின் கப்பல் குறையற்றிருக்கவேண்டும் என்பது பொருளன்று. பிழை வேறு, பொய் வேறு. கை பழகாமையால் பலகை சற்றுக் கோணலாக ஒட்டினால் அது பிழை. மரத்தூளையும் பசையையும் குழைத்து அவ்விடுக்கை அடைப்பது திருத்தம். சாய்ந்த வங்கு என்று அறிந்தும், திருத்த முடிந்தும், மூடிவைப்பதே பொய். பிழை நிறைந்த கப்பலும் நேர்மையான கப்பலாக இருக்கலாம். பளபளக்கும் கப்பல் அவ்வாறு இல்லாமலும் போகலாம்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. மாணவன் செய்த பொருளை வண்ணம் பூசிய பிறகே பார்த்து மதிப்பிடும் பள்ளி, வண்ணம் பூசவே கற்பிக்கின்றது. பலகை ஒட்டப்படுவதற்கு முன்னரே ஆசிரியர் ஒருமுறை அருகில் சென்று அமரவேண்டும்; சாய்ந்த வங்கைக் கண்டால் கடிந்துகொள்ளாமல், பெயர்த்துத் திருத்தும் பொறுமையைப் பழக்கவேண்டும். பின்னர் எழுந்து சென்றுவிடவேண்டும். எஞ்சிய வங்குகளை மாணவன் தனியே நிறுத்தட்டும்.